பந்தி நாற்பத்தெட்டு நிமிடம்

7 ஜூலை 2008, திங்கள்

ஐம்பத்தொன்பது வயதில் பிட்ரேட் என்றால் என்னவென்று படிக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. முப்பத்து மூன்று வருடம் நில அளவையில் சர்வேயராக இருந்தவன் நான். நாற்பது ஏக்கர் தோப்பை ஒரே தாளில் வரைந்து நமச்சிவாயம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றுக்குள் பெற்ற மகள் கல்யாணத்தை அடக்கத் தெரியவில்லை.

வடிவு கல்யாணம் வைகாசியில் முடிந்தது. வீடியோக்காரர் மூன்று டிவிடி போட்டுக் கொடுத்தார். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் தலை ரோஜாப்பூவுக்குள்ளிருந்து முளைக்கிறது. வடிவு நீர்வீழ்ச்சிக்கு நடுவில் மிதக்கிறாள். மேளம் கேட்க வேண்டிய இடமெல்லாம் சினிமாப் பாட்டு. கடைக்கே போய்ச் சத்தம் போட்டு, பூவும் பாட்டும் சேர்க்காத மூலத்தை ஒரு ஹார்ட் டிஸ்கில் வாங்கி வந்துவிட்டேன். மொத்தம் நாலு மணி நாற்பது நிமிடம். நானே ஒரு டிவிடி போடப் போகிறேன்.

ஒன்றுதான் போட வேண்டும். அது என் கூடப் பிறந்த பூதலிங்கம் அண்ணனுக்கு. அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். கல்யாணம் முடிந்த பன்னிரண்டாம் நாள் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மகன் ஷார்ஜாவில். மருமகள் கோமு டீச்சர். காலை ஒன்பது மணிக்கு டிவியைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனால், ஒரு மணிக்குத்தான் சோறு கொடுக்க வருகிறாள். ஒரு டிஸ்க் முடிந்தால் அடுத்ததை மாற்ற ஆள் கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அந்தப் பெட்டியைத் தொடவே பயம். மிச்ச நேரமெல்லாம் அண்ணன் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்று கோமு போனில் சொன்னாள்.

அண்ணன் கல்யாணத்துக்கு வரவில்லை.

9 ஜூலை, புதன்

முதல் முயற்சி. பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு இடம் என்கிற அளவு, ஐயாயிரம் வைத்தேன். படம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றது புத்தகம். மொத்த அளவு பத்து ஜிபிக்கு மேல் வரும் என்று மென்பொருள் காட்டியது. டிஸ்க் அட்டையில் 4.7 என்று போட்டிருக்கிறான். எட்டுப் பேர் உட்காரும் வேனில் இருபது பேரை ஏற்றச் சொன்ன கதை.

காஸ் சிலிண்டருக்குப் பதிந்தேன். தேங்காய் வெட்ட ஆள் வரவில்லை.

10 ஜூலை, வியாழன்

சரி, கணக்காகப் போவோம் என்று 4.7 ஜிபியை நொடிக்கணக்கால் வகுத்து, அதற்குச் சரியாக ஒரு பிட்ரேட் வைத்தேன். டிஸ்கை உள்ளே வைத்தால் 4.38 தான் இடம் இருக்கிறது என்கிறது கம்ப்யூட்டர். மிச்சத்தை எவன் தின்றான்? பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெஞ்சமினிடம் கேட்டேன். பொறுமையான மனிதர். டிஸ்க் கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறானாம், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலாக எண்ணுகிறதாம், இரண்டும் ஒன்றுதானாம். அரை சென்ட் வித்தியாசத்துக்கு அண்ணன் தம்பி மண்வெட்டி தூக்கியதைப் பார்த்தவன் நான். இவர்கள் இதை அட்டையிலேயே அச்சடித்து விற்கிறார்கள்.

இரட்டை அடுக்கு டிஸ்க் ஒன்று இருக்கிறது, இரண்டு மடங்கு கொள்ளும் என்று ஒன்றைக் கொடுத்தார். அண்ணன் வீட்டுப் பெட்டியும் எங்கள் வீட்டுப் பெட்டியும் ஒரே மாடல், ஒரே தீபாவளிக்கு வாங்கியது. எங்கள் பெட்டி அந்த டிஸ்கை வாங்கிக் கர்ர் என்று அரைத்து வெளியே துப்பியது.

12 ஜூலை, சனி

காலை ஆறு மணிக்கு ஓடவிட்டேன். பதினோரு மணி நேரம் ஆகும் என்றது. மூன்றரைக்கு, எண்பத்திரண்டு சதவீதத்தில், கரண்ட் போனது. யுபிஎஸ் பத்து நிமிடம் பீப் பீப் என்று கத்திவிட்டுச் செத்தது.

எழுத ஒன்றுமில்லை.

13 ஜூலை, ஞாயிறு

திரும்பவும் ஓடவிட்டேன். ஐந்து மணிக்கு முடிந்தது. இடத்துக்குள் அடங்கியும் விட்டது. என் வீட்டுக்காரி ஆவுடையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன்.

ஆடாமல் அசையாமல் நிற்கிற வரைக்கும் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். தாலி கட்டும்போது ஐந்நூறு பேர் அட்சதை போட்டார்கள் பாருங்கள், அதோடு போயிற்று. மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. வடிவுக்கு மூக்கு இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் சதுரம். தாலி எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று ஆவுடை கேட்டாள். என் சம்பந்தியை வேட்டிக் கரையை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடிந்தது.

"வந்தவங்க எல்லாரும் இருக்காவ, ஒருத்தருக்கும் மூஞ்சிதான் இல்ல" என்றாள். சிரிப்பு வேறு.

14 ஜூலை, திங்கள்

பெஞ்சமின் கண்டுபிடித்தார். சத்தத்தைச் சுருக்காமல் அப்படியே வைத்திருந்திருக்கிறேன். இருக்கிற இடத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சத்தமே பிடித்துக்கொண்டதாம். சத்தத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு போதும் என்றார். பேச்சு, மேளம் எல்லாம் தெளிவாகக் கேட்குமாம்.

அவர் சொன்னபடி வைத்தேன். கொஞ்சம் தேவலை. அட்சதையில் இன்னும் உடைகிறது. இனி நீளத்தைக் குறைக்காமல் வழியில்லை.

எதை வெட்டுவது? மேடையில் பரிசு கொடுக்க வந்த ஒருவரையும் வெட்ட முடியாது. யாரை விட்டாலும் அடுத்த கல்யாணத்தில் என் முகத்தில் முழிக்கமாட்டார்கள். மண்டப வாசல் சீரியல் விளக்கு, காலி நாற்காலி, வீடியோக்காரரின் செருப்பு ஆறு நிமிடம், இதெல்லாம் போயிற்று. பந்தியையும் வெட்டிவிட்டேன். நாற்பத்தெட்டு நிமிடம். ஊர் மென்று விழுங்குவதை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்? அம்பலவாணன் அப்பளம் நொறுக்குகிற இடம் வரைக்கும் பார்த்தேன். அதற்குமேல் பார்க்கவில்லை, வெட்டினேன். அம்பலவாணன் எங்கள் சித்தப்பா மகன், கல்லிடைக்குறிச்சிக்காரன், அளவுக்கு மீறிப் பேசுகிறவன்.

பந்தி போனதும் படம் பளிச்சென்று ஆகிவிட்டது.

17 ஜூலை, வியாழன்

டிஸ்க் தயார். அட்டையில் என் கையாலேயே எழுதி, கோமுவுக்குக் கூரியரில் அனுப்பினேன். அலைந்த அலைச்சலுக்கு ஒரு முழுக்குப் போட்டாயிற்று.

கூரியர் ரசீதை ஆவுடை எடுத்து, மிஞ்சிக் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளோடு செருகிவைத்தாள்.

20 ஜூலை, ஞாயிறு

கோமு பேசினாள். டிஸ்க் நன்றாக ஓடுகிறதாம். ஒன்பதுக்குப் போட்டால் பன்னிரண்டு தாண்டி ஓடுகிறதாம். அண்ணனுக்கு இப்போது பேச்சுக் கொஞ்சம் தெளிந்திருக்கிறது, நிதானமாகச் சொன்னால் விளங்குகிறதாம். பிறகு இழுத்தாள்.

"சின்ன மாமா, மாமா பந்தியக் கேக்காவ. பந்தி எங்கன்னு மூணு நாளா ஒரே நச்சரிப்பு. பாட்டுக் கீட்டு போடாம, சத்தத்தோட வேணுமாம்."

எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் முப்பது வருடமாக எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தி விசாரிப்பு அண்ணன்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இலை இலையாகப் போவார். எந்த வரிசையில் கூட்டு வரவில்லை, யாருக்குப் பாயசம் இரண்டாம் தடவை வேண்டும் என்று ஒரு குரலில் அடுப்படி வரைக்கும் சொல்வார். முகூர்த்தத்தை அவர் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. வடிவு கல்யாணத்தில்தான் பந்தியில் அவர் இல்லை.

இடம் பற்றவில்லை என்று கோமுவிடம் சொன்னேன்.

22 ஜூலை, செவ்வாய்

இடம் பற்றாதுதான். பொய் சொல்லவில்லை. பந்தியைச் சேர்த்தால் மறுபடியும் எல்லார் மூஞ்சியும் உடையும்.

பல் வலி. கிராம்பு வைத்திருக்கிறேன்.

23 ஜூலை, புதன்

பெஞ்சமின் ஒரு வழி சொல்லிக்கொடுத்துத் தொலைத்தார். இரண்டு சுற்று முறை. கம்ப்யூட்டர் முதல் சுற்றில் முழுவதையும் சும்மா பார்க்குமாம், எங்கே ஆட்டம் அதிகம், எங்கே ஆள் அசையாமல் நிற்கிறான் என்று குறித்துக்கொள்ளுமாம். இரண்டாம் சுற்றில் தேவைப்பட்ட இடத்துக்கு அள்ளிக் கொடுத்து, மற்ற இடத்தில் கையைச் சுருக்குமாம். படத்தின் அகலத்தையும் பாதியாக்கலாமாம், பழைய டிவியில் வித்தியாசம் தெரியாதாம். நாலு மணி நேரத்தைத் தாராளமாக ஒரு டிஸ்கில் அடக்கலாம் சார் என்று கையைக் குலுக்கினார்.

மனுஷன் உபகாரம்தான் செய்கிறார். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது.

25 ஜூலை, வெள்ளி

பந்தியைச் சேர்க்கலாம், சத்தத்தை மட்டும் எடுத்துவிடலாம், சத்தத்தை எடுத்தால் இடம் மிச்சமாகும் என்று ஆவுடையிடம் சொன்னேன். பேசாத படமாக அண்ணன் பார்க்கட்டும். இல்லை என்றால் மேளம் ஒட்டிவிடலாம்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "சத்தத்த எடுத்தா எவ்வளவு மிச்சம்?"

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தெட்டு நிமிடச் சத்தம் அறுபத்தொன்பது எம்பி. நாலாயிரத்துச் சொச்சத்தில் அறுபத்தொன்பது. அட்சதையில் ஓர் அரிசி கூடத் தேறாது. காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். அவள் அதை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கீரைத்தண்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டாள்.

"அளவு பத்தலைன்னு என்கிட்டயா சொல்லுதீங்க? நானும் அந்தப் பந்தியிலதான் நின்னேன்" என்றாள்.

26 ஜூலை, சனி

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யார் படிக்கப் போகிறார்கள்?

எங்கள் பக்கத்தில் குலதெய்வத்துக்கு வைத்த பிறகு அடுத்த பத்திரிகை குடும்பத்தில் மூத்தவருக்கு. புருஷனும் பெண்சாதியுமாகத் தட்டோடு நேரில் போய் வைக்க வேண்டும். தூத்துக்குடி போனோம், மதுரை போனோம், கோயம்புத்தூர் வரைக்கும் போனோம். அம்பாசமுத்திரம் இந்தா இருக்கிறது, ஒரு மணி நேர பஸ், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் தள்ளிவைத்தேன். மண்டபக்காரன், சமையல்காரன், மூட்டு வலி என்று நாள் போயிற்று. கூடப் பிறந்தவர்தானே, வித்தியாசமாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று கூரியரில் அனுப்பிவிட்டேன். ஆவுடை அன்றைக்கே வேண்டாம் என்றாள். போனாவது செய்யுங்கள் என்றாள். பத்திரிகை கிடைத்ததும் அவரே கூப்பிடுவார் என்று இருந்தேன். அவர் கூப்பிடவில்லை. எனக்கும் வீம்பு.

கல்யாணத்தன்று பந்தியில் அம்பலவாணன் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான், அண்ணாச்சியக் காணுமே என்று. பக்கத்து இலையில் சம்பந்தி. கேமரா ஒரு முழ தூரத்தில். நான் சொன்னேன், அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று. திடமாக நடமாடிக்கொண்டிருந்த மனிதரை.

பன்னிரண்டு நாள் கழித்துப் படுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. அதற்குப் பிறகு போகவில்லை. பிட்ரேட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

28 ஜூலை, திங்கள்

கோமுவிடம் நானே கேட்டேன், கல்யாணத்தன்று அண்ணன் என்ன செய்தார் என்று. எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள். சும்மா என்றேன்.

விடியற்காலையிலேயே குளித்துப் பட்டு வேட்டி கட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். ஏழு மணிக்கு மேல் போன் பக்கத்தில் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டாராம்.

மீதியை நான் கேட்கவில்லை. பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது, பிளம்பரைக் கூப்பிட வேண்டும் என்று வைத்துவிட்டேன். குழாய் ஒழுகுவது உண்மைதான்.

30 ஜூலை, புதன்

நாலு மணி நேரத்துக்கு வெட்டி முடித்தேன். ஒன்பதிலிருந்து ஒன்று வரைக்கும் சரியாக இருக்கும். பந்தி நாற்பத்தெட்டு நிமிடமும் உள்ளே, சத்தத்தோடு.

இதிலும் ஒரு தொல்லை. மற்றதற்கு வைத்த அளவையே பந்திக்கு வைத்தால் இலை ஒரு பச்சைக் கறையாகத் தெரிகிறது. எது அவியல் எது கூட்டு என்று எனக்கே விளங்கவில்லை, அண்ணனுக்கு எப்படி விளங்கும்? பந்திக்கு மட்டும் நாலாயிரம் கொடுத்தேன். மிச்சமுள்ள மூன்று மணி பன்னிரண்டு நிமிடமும் இரண்டாயிரத்தில் தள்ளாடட்டும். தாலி கட்டுகிற இடம் கொஞ்சம் மங்கும். மங்கினால் மங்கட்டும், கட்டியாயிற்று.

1 ஆகஸ்ட், வெள்ளி

இரண்டு சுற்றும் முடிந்தது. கரண்ட் போகவில்லை. 4.36 ஜிபி. என் வாழ்நாளில் இவ்வளவு நெருக்கி எந்த எல்லையும் அளந்ததில்லை.

கூரியருக்கு உறை எடுக்கப் போனேன். உறைக்கட்டு அலமாரியில் இல்லை. ஆவுடையிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஏழரை பஸ் என்றாள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

அம்பாசமுத்திரம் போய்வந்தோம்.

கிளம்பும்போது ஆவுடை தட்டு எடுத்துவைத்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம். அதற்கு மேல் மிஞ்சியிருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்று. நடந்து முடிந்த கல்யாணத்துக்குப் பத்திரிகை எதற்கு, பார்க்கிறவன் சிரிப்பான் என்று கத்தினேன். அவள் பாட்டுக்கு நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினாள்.

அண்ணன் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். இளைத்துவிட்டார். நாங்கள் தட்டை நீட்டியதும் இடது கை வந்தது, பாதியில் நின்றது. இடது கையால் வாங்கக் கூடாதென்று யோசிக்கிறார். கோமு அவருடைய வலது கையைத் தூக்கித் தட்டுக்கு அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பத்திரிகையை எடுத்து, கண்ணாடி கேட்டு, ஒவ்வொரு வரியாக முழுக்கப் படித்தார். தலைமாட்டில் வைக்கச் சொன்னார்.

ஒன்பதரைக்கு டிஸ்க் போட்டேன். தாலி கட்டு மங்கலாக வந்தது, அண்ணன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பதினொன்றே முக்காலுக்குப் பந்தி வந்ததும் மனிதர் நிமிர்ந்துவிட்டார். மூன்றாவது இலையைத் திருப்பிப் போட்டிருக்கிறான் என்றார். உண்மைதான், நுனி வலது பக்கம் கிடந்தது. உப்பு வைக்காமல் பருப்புக்குப் போய்விட்டான் என்றார். அவியலில் முருங்கைக்காய் முற்றல் என்று திரையைப் பார்த்தே சொன்னார். நாலாயிரம் வைத்தது வீண் போகவில்லை.

அம்பலவாணன் அப்பளத்தை நொறுக்கினான். ரிமோட் என் மடியில்தான் இருந்தது. தொடவில்லை.

"பூதலிங்கம் அண்ணாச்சியக் காணுமே?"

அடுத்து என் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி. "அண்ணனுக்கு மேலுக்குச் சொகமில்ல. படுத்த படுக்கையாக் கிடக்காவ. டாக்டர் அசையக் கூடாதுன்னுட்டாரு."

கோமு அடுக்களைக்குப் போய்விட்டாள். ஆவுடை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அண்ணனைப் பார்க்காமல், தப்புப் பண்ணிவிட்டேன் அண்ணாச்சி என்றேன்.

அண்ணனுக்கு வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அன்னைக்கு மத்தியானமே அம்பலம் போன் போட்டான்ல. மேலுக்கு எப்படி இருக்குன்னு கேட்டான்."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன்.

"நல்ல காய்ச்சல்னேன். வேட்டிய அவுத்து மடிச்சு வச்சிட்டு, போய்ப் படுத்துக்கிட்டேன். சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "படுத்த படுக்கைன்னு நீ சபையில சொல்லிட்ட. எவனாவது பாக்க வந்து, நான் வாசல்ல உக்காந்திருந்தா உன் பேச்சு என்னல ஆகும்?"

நான் அழுதேன். ஐம்பத்தொன்பது வயதில், அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, ஆவுடை பார்க்கப் பார்க்க அழுதேன்.

அண்ணன் இடது கையால் என் தோளைத் தள்ளினார்.

"அங்கிட்டு நகருல. மறைக்க. ரசம் வருது."

5 ஆகஸ்ட், செவ்வாய்

கோமு போன் செய்தாள். டிஸ்க் தெளிவில்லை என்று அண்ணன் குறை சொல்கிறாராம். இரண்டு நாளில் மனிதருக்குத் தாலி கட்டியதும் மங்கலென்று கண்ணில் பட்டுவிட்டது, சம்பந்தி முகமும் கண்ணில் பட்டுவிட்டது. வெட்டினதையெல்லாம் திரும்பச் சேர்த்து, ஐந்து டிஸ்காகப் பிரித்து, நல்லா பளிச்சென்று போட்டுக் கொண்டுவரச் சொன்னாராம்.

ஒரு மாதமாக நான் எதற்கு மண்டையை உடைத்துக்கொண்டேன்? ஐந்து டிஸ்க் என்றால் பிட்ரேட்டைப் பற்றிக் கவலையே கிடையாது, எட்டாயிரம் கூட வைக்கலாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? ஐந்தையும் ஒவ்வொன்றாக மாற்ற அங்கே யார் இருக்கிறார்கள் என்று கோமுவிடம் எரிந்து விழுந்தேன்.

"அதையும் மாமாகிட்ட கேட்டேன் சின்ன மாமா" என்றாள். "நமச்சிவாயம் வந்து மாத்தட்டும்னு சொன்னாவ."

பெஞ்சமின் கடையில் ஐந்து டிஸ்க் வாங்க வேண்டும். ஏழரை பஸ் தினமும் உண்டா என்று விசாரிக்க வேண்டும்.